தீயில் வாழும் விலங்கைப் படைப்பது எப்படி? கற்பனை உலகம் கட்டுவோருக்கான முழுமையான வழிகாட்டி

கற்பனை உலகம் ஒன்றைக் கட்டத் தொடங்கும் எழுத்தாளர்களில் பலர், முதல் சில நாட்களிலேயே தீயில் வாழும் விலங்கு ஒன்றைப் படைத்துவிடுகிறார்கள். அதற்குச் சிவந்த செதில்கள் இருக்கும், கண்கள் கனலும், கோபம் மூக்கின் நுனியில் நிற்கும். அது ஏன் எரிந்துபோகவில்லை என்று கேட்டால் அதற்கென ஒரு மந்திரமும் தயாராக இருக்கும். ஐம்பது பக்கங்கள் கடந்தபின் அந்த விலங்குக்குக் கதையில் வேலையே இல்லை என்பது தெரியவந்து, அது ஓரிரு போர்க்களங்களில் உறுமிவிட்டு மறைந்துவிடும். இதற்குக் காரணம், படைத்தவர் கேட்டுக்கொண்ட கேள்வியிலேயே இருக்கிறது. எரியாமல் இருப்பது எப்படி என்பது தீயில் வாழும் உயிருக்கு இரண்டாவது கேள்விதான். தீ அணைந்தபின் என்ன செய்வது என்பதே முதல் கேள்வி. கடலும் காடும் பாலையும் இடங்கள். தீயோ ஒரு நிகழ்ச்சி; விறகு தீர்ந்தால் வீடும் தீர்ந்துவிடும்.

இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, நீற்றுப்பூனை என்ற விலங்கு ஒன்றைப் படிப்படியாக உருவாக்கிக் காட்டுகிறேன். கீழே வரும் வெப்பநிலைகள், பொருள்கள், உயிரினங்கள் பற்றிய செய்திகள் உண்மையானவை. நீற்றுப்பூனையும் அதன் உலகமும் மட்டுமே பொய். உங்கள் விலங்கு வேறாக இருக்கலாம், ஆனால் படிகளின் வரிசையை மாற்றாமல் செல்வது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு படியின் விடையும் முந்தைய படியிலிருந்தே பிறக்கிறது.

படி 1: எந்தத் தீ என்று முடிவுசெய்யுங்கள்

தீ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. விறகின் சுடர் பெரும்பாலும் 600 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், ஆனால் நொடிக்கு நொடி இடம் மாறும். சுடர் அடங்கியபின் கிடக்கும் கங்கு 700 டிகிரியை ஒட்டி நெடுநேரம் நின்று கனியும். அதே கரியைத் துருத்தி வைத்து ஊதினால், கொல்லர் உலையில் வெப்பம் 1,200 டிகிரியைத் தாண்டிவிடும். எரிமலையிலிருந்து வழியும் பசால்ட் குழம்பு 1,000 முதல் 1,200 டிகிரி வரை இருக்கும் என்றாலும், அங்கே எரிதல் என்பதே நிகழ்வதில்லை; அது உருகிய பாறை. அதில் நீந்தும் விலங்கைப் படைப்பவர்கள், அந்தக் குழம்பு தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதையும், சாதாரண உடல் எதுவும் அதில் மூழ்காமல் கட்டைபோல மேலே மிதக்கும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

வெப்பத்தைக் காட்டிலும் முக்கியமானது தீயின் ஆயுள். காட்டுத்தீயின் முகப்பு ஓர் இடத்தைச் சில நிமிடங்களில் கடந்து போய்விடும். அடுப்பு ஒரு வேளைச் சமையலோடு அணையும். சூளை சில நாட்கள் எரியும். ஆயினும் மனித ஆயுளைவிட நீண்ட தீக்களும் நம் பூமியில் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எரியும் மலை என்றே பெயர் பெற்ற இடத்தில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் நிலக்கரிப் படுகை ஒன்று சுமார் 6,000 ஆண்டுகளாக எரிந்துகொண்டிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தீ ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்கிறது. ஜார்க்கண்டின் ஜாரியா சுரங்கப் பகுதியில் 1916இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்றும் அடங்கவில்லை. துருக்கியின் தெற்குக் கரையில் யனார்தாஷ் என்னும் மலைச்சரிவில், பாறை இடுக்குகளிலிருந்து கசியும் மீத்தேன் வாயு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சுடர்விட்டுக்கொண்டிருக்கிறது.

ஓர் உயிரினம் தோன்றிப் பரிணமிப்பதற்குப் பல தலைமுறைகள் வேண்டும் என்பதால், உங்கள் விலங்கின் பூர்விகத்தை இத்தகைய நெடுந்தீ ஒன்றில் வைப்பதே பொருத்தம். கதைக்கு ஏற்றதோ அன்றாடம் அணையும் சிறுதீ. ஆகவே நீற்றுப்பூனையின் மூதாதையர் நிலக்கரித் தீயில் தோன்றி, பின்னாளில் மனிதர் மூட்டிய அடுப்புகளுக்கும் சூளைகளுக்கும் குடிபெயர்ந்ததாக வைத்துக்கொள்கிறேன். பல்லியும் சிட்டுக்குருவியும் நம் வீடுகளுக்குள் வந்த கதைதான் இது.

படி 2: பழைய கதைகளைப் படியுங்கள், ஆனால் உருவத்தை எடுக்காதீர்கள்

தீயில் வாழும் விலங்கு புதிய கற்பனை அன்று. சைப்ரஸ் தீவின் செம்பு உலைகளில், ஈயைவிடச் சற்றே பெரிய சிறகுப்பூச்சிகள் நெருப்புக்குள் நடமாடுகின்றன என்றும், நெருப்பைவிட்டு விலகினால் அவை இறந்துவிடும் என்றும் அரிஸ்டாட்டில் எழுதினார். சாலமண்டர் என்னும் ஈரத்தோல் உயிர் நெருப்பில் நடந்தால் நெருப்பே அணையும் என்ற நம்பிக்கையையும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். அந்த உயிர் மட்கிய மரக்கட்டைகளுக்குள் ஒளிந்து வாழ்வது. கட்டையை அடுப்பில் போட்டதும் அது பதறி வெளியே ஓடிவந்ததைக் கண்டவர்களே இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்பது பரவலான விளக்கம். சீனத்தில் நெருப்பெலி என்ற விலங்கின் மயிரால் நெய்த துணியை நெருப்பில் இட்டுத்தான் வெளுப்பார்கள் என்ற கதை உண்டு. அந்தத் துணி கல்நாரால் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆனது. இத்தகைய துணியைத் தருவதாக மேற்கே சொல்லப்பட்ட சாலமண்டர் விலங்கே அல்ல, அது மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் நார் என்று மார்கோ போலோ தெளிவாகவே சொல்லிவிட்டார்.

இந்தக் கதைகளில் எடுத்துக்கொள்ள வேண்டியது பல்லியின் உருவத்தையோ எலியின் உருவத்தையோ அன்று. நெருப்பைவிட்டு விலகினால் இறந்துவிடும் என்ற அந்த ஒற்றை வரியே பொன். நம் பக்கத்துக் கதைகளில் நளன் காப்பாற்றிய கார்க்கோடகனைப் போலத் தீயில் சிக்கித் தவிக்கும் உயிர்களே மிகுதி. தீயை வீடாகக் கொண்ட உயிர் அரிது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

படி 3: உடலை எதனால் செய்வது?

முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைக் கடந்ததும் உறையத் தொடங்குகிறது. நம் உடலிலும் அதே வகைப் புரதங்கள்தாம் இருக்கின்றன. சகாரா பாலையின் வெள்ளி எறும்பு, வெயிலைத் திருப்பி அனுப்பும் முக்கோண வடிவ மயிர்களின் துணையோடு, உடல் வெப்பம் 53 டிகிரி வரை உயர்ந்தாலும் இரை தேடுகிறது. விலங்குகளில் இது பெரும் சாதனைகளுள் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்து வெந்நீர் ஊற்று ஒன்றில் கிடைத்த நுண்ணுயிர் 122 டிகிரியில் பெருகியதை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அறியப்பட்ட உயிரின் உச்ச எல்லை அவ்வளவுதான். அடுப்புக் கங்குக்கு அது மிகத் தொலைவு.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், விலங்கு நம்மைப் போன்ற தசையும் குருதியும் கொண்டது. தீக்குள் சற்றுநேரம் சென்றுவர ஒரு கவசம் மட்டுமே வைத்திருக்கிறது. அப்படியானால் அது தீக்கு விருந்தாளி, குடியிருப்பவர் அன்று. இதுவும் நல்ல தேர்வுதான். கருகிய மரத்தில் முட்டையிடுவதற்காகக் காட்டுத்தீயின் அகச்சிவப்புக் கதிரை உணர்ந்து தேடிவரும் வண்டினம் நம் உலகிலேயே இருக்கிறது. இரண்டாவது வழியில், உடல் முழுவதுமே வேறு பொருளால் ஆனது. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். மந்திரத்தால் எரியவில்லை என்று சொல்வது மூன்றாவது வழியாகத் தோன்றலாம், ஆனால் அந்த மந்திரத்துக்கு எல்லையும் விலையும் வைக்காவிட்டால் அது விடையாகாது. வைத்துவிட்டால் இந்த இரண்டில் ஒன்றாக அது தானே மாறிவிடும்.

நீற்றுப்பூனையின் எலும்பும் தோலோடும் சுட்ட களிமண்ணைப் போன்றவை; அவற்றில் குவார்ட்ஸ் மணல் நிறைந்திருக்கிறது. மேலே நுண்ணிய சிலிக்கா இழைகளால் ஆன மயிர் போர்த்தியிருக்கிறது. விண்வெளி ஓடங்களின் அடிப்பகுதியில் பதித்த ஓடுகள் இதே சிலிக்கா இழைகளால் ஆனவை. அவற்றின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றே என்பதால், உள்ளே செந்தழலாகக் கனன்றுகொண்டிருக்கும் ஓட்டின் மூலைகளை வெறுங்கையால் பிடித்துத் தூக்க முடியும். குருதிக்கு நான் தேர்ந்தது உருகிய உப்பு. சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். அதனோடு பொட்டாசியம் குளோரைடைத் தக்க அளவில் கலந்தால் 650 டிகிரி அளவிலேயே உருகிவிடும். பொட்டாசியம் விறகுச் சாம்பலில் தாராளமாகக் கிடைக்கிறது. சமையல் உப்போ அடுப்பில் கிடைக்காது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் படியில் இது கதையாக மாறும்.

இப்போது விலங்குக்கு இரண்டு எல்லைகள் கிடைத்துவிட்டன. 650 டிகிரிக்குக் கீழே அதன் குருதி உறைந்து கல்லாகும். மேல் எல்லையாக 1,050 டிகிரியை வைத்துக்கொள்வோம், அதற்கு மேல் சாதாரணக் களிமண் உடல் இளகிக் குழையத் தொடங்கும். சமையல் அடுப்பு அதற்குச் சொர்க்கம். துருத்தி ஊதும் கொல்லர் உலை அதற்குக் கொலைக்களம்.

படி 4: ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கற்பனை எழுத்தில் கணக்கு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம், ஆனால் கதையின் மிகச் சிறந்த விதி எனக்கு இங்கிருந்துதான் கிடைத்தது.

நீற்றுப்பூனையின் எடை 3 கிலோ, மேற்பரப்பு 0.2 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு கிலோ களிமண் உடல் ஒரு டிகிரி குளிர ஏறத்தாழ 1,000 ஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். ஆகவே 900 டிகிரியிலிருந்து 650 டிகிரிக்கு இறங்குவதற்குள் அது இழக்கும் வெப்பம் 7,50,000 ஜூல். சூடான உடல் கதிர்வீசும் வேகமோ வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். இந்த வெப்பத்தில், மயிரில்லாத வெற்றுடம்பு நொடிக்கு ஏறத்தாழ 14,000 ஜூல் வீதம் இழக்கும். அதாவது குளியலறைக் கீசர்கள் ஏழு ஒரே நேரத்தில் ஓடுவதற்கு ஒப்பு. வகுத்துப் பார்த்தால், தீயைவிட்டு வெளியே வந்த விலங்கு ஒரு நிமிடத்துக்குள் கல்லாகிவிடும்.

மயிர்ப்போர்வை இந்த இழப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வைத்தால், அதற்குக் கிடைப்பது ஒன்பது நிமிடம். நீற்றுப்பூனையால் அடுப்பைவிட்டு ஒன்பது நிமிடம் வெளியே இருக்க முடியும். அதற்குள் அடுத்த தீயை அடையவில்லை என்றால், நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான தூரம், திறந்திருக்கும் கதவு, குறுக்கே கிடக்கும் ஈரத்தரை ஆகிய எல்லாமே இப்போது வாழ்வா சாவா என்ற கேள்விகளாகிவிடுகின்றன. உங்கள் விலங்கு குதிரையளவு பெரியதானால் இந்த நேரம் நீளும், எலியளவு சிறியதானால் சுருங்கும். எடை கூடும் வேகத்துக்கு மேற்பரப்பு கூடுவதில்லை என்பதே காரணம். பெரிய விலங்கு தீயைவிட்டு நெடுந்தூரம் போகலாம் என்றால், அது போகும் வழியெல்லாம் கூரை பற்றும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: அது எதைத் தின்கிறது, எப்படி இளைப்பாறுகிறது?

நெருப்பையே தின்னும் என்று எழுதுவது எளிது. ஆனால் சுடர் என்பது எரிந்துகொண்டிருக்கும் வாயு. அதில் மிச்சமிருக்கும் உணவு சொற்பம். வெறும் வெப்பத்தால் வாழ்கிறது என்று எழுதினாலும் சிக்கல் உண்டு. நீர் ஓடினால்தான் நீராலை சுற்றும். அதுபோல வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடினால்தான் அதிலிருந்து வேலை எடுக்க முடியும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ 1824இல் நிறுவினார். சுற்றிலும் ஒரே வெப்பம் நிலவும் தீயின் நடுவே கிடக்கும் உயிர், அசையாத ஏரியில் வைத்த நீராலைதான்.

நீற்றுப்பூனை கரியைத் தின்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 15 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறதென்றால், ஒரு கிலோ நல்ல அடுப்புக்கரியில் ஏறத்தாழ 30 மெகாஜூல் இருக்கிறது. வீட்டுப் பூனை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மெகாஜூல் அளவு தின்கிறது. நீற்றுப்பூனையின் பசி அதைப்போலப் பத்து மடங்கு என்று வைத்தாலும், முந்நூறு முந்நூற்றைம்பது கிராம் கரி அதற்குப் போதும். ஆனால் கரியையும் காற்றையும் சேர்த்து எரிப்பதுதான் நெருப்பின் தொழிலும். ஆகவே இந்த விலங்கு நெருப்பின் பிள்ளை அன்று, நெருப்பின் பங்காளி. அது வாய்வைத்த இடத்தில் கங்கு கருத்துப்போகும். அடுப்பில் வட்டவட்டமாகக் கருமை விழுந்திருந்தால் உள்ளே ஒன்று குடியிருக்கிறது என்று அந்த உலகத்துப் பெண்கள் அறிந்துகொள்வார்கள்.

உழைக்கும் உடல் கழிவுவெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும் என்பது பலர் தவறவிடும் இடம். 900 டிகிரிக் கங்குக்குள் 900 டிகிரி உடலோடு கிடக்கும் விலங்கு தன் மிகைவெப்பத்தை யாரிடம் கொடுக்கும்? அதனால் நீற்றுப்பூனை தின்றபின் அடுப்பின் வாய்க்கு வந்து, மயிரைப் படியவைத்துக்கொண்டு, வெளிக்காற்றைப் பார்த்தபடி படுத்திருக்கும். மனிதர்கள் அதைக் காணும் நேரம் அதுவே. தீயின் நடுவே அதைக் கண்டவர் எவருமில்லை.

படி 6: புலன்களைத் தலைகீழாக யோசியுங்கள்

பொருள்கள் 525 டிகிரி அளவில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகின்றன. சூளையின் வெப்பம் எங்கும் ஒன்றாகப் பரவிவிட்டால், பார்வைத் துளை வழியே நோக்குபவருக்கு உள்ளே அடுக்கிய பாண்டங்களின் விளிம்புகள் சுவரோடு கலந்து மறைந்துபோகும். எல்லாம் ஒரே ஒளியாய் நிற்கும். அந்த இடத்தில் சிவப்புச் செதிலுக்கும் பொன்னிறப் பிடரிக்கும் என்ன பயன்? கண்ணும் அதே வெப்பத்தில் ஒளிர்கிறது என்பதால், தன்னைவிடக் குளிர்ந்தவற்றை மட்டுமே அதனால் பிரித்தறிய முடியும். ஆகவே நீற்றுப்பூனை குளிரைப் பார்க்கும் விலங்கு. அடுப்பின் முன் குனிந்து ஊதும் மனிதமுகம் அதற்கு ஒரு கரிய நிழல். நீர்க்குடம் அதைவிடக் கரிய பள்ளம். கங்குக்குள் அது கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடி இழைபோன்ற நீண்ட மீசையால் துழாவித்தான் நடக்கும்.

மணம் தீக்குள் பயன்படாது, ஏனெனில் மணம் தரும் பொருள்கள் மூக்கை அடையும் முன்பே எரிந்துவிடும். ஒலி பயன்படும், ஆனால் மாறிப்போகும். வெப்பக்காற்றில் ஒலி விரைந்து செல்லும். 727 டிகிரியில் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 630 மீட்டர், நம் அறையில் உள்ளதைப்போல இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. குழல்போன்ற தொண்டையிலிருந்து வரும் குரலின் சுருதியும் அதற்கேற்ப உயரும். தீக்குள் கீச்சென்று ஒலிக்கும் குரல், விலங்கு வெளியே வந்து உள்ளிருக்கும் காற்றுக் குளிரக் குளிர, ஒரு ஸ்தாயிக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்கிக்கொண்டே வரும். அந்தக் குரல் தாழ்வதைக் கேட்டே, மீதமிருக்கும் நிமிடங்களை அடுப்படியில் இருப்பவர்கள் கணக்கிடுவார்கள்.

படி 7: தீ அணைந்தபின்

இப்போது முதல் கேள்விக்கு வந்துவிட்டோம். நம் உலகில் தீயைச் சமாளிக்கும் உயிர்கள் என்ன செய்கின்றன என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் முள்ளுடல் விலங்கான எச்சிட்னா, தீ கடந்த காட்டில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு, உணவு திரும்பும்வரை மந்தநிலையில் காலம் தள்ளுகிறது. சில பைன் மரங்களின் காய்கள் தீ சுட்டால்தான் திறந்து விதையை உதிர்க்கின்றன. காத்திருத்தல்தான் இவற்றின் பொது உத்தி.

நீற்றுப்பூனைக்குக் காத்திருப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. குவார்ட்ஸ் 573 டிகிரியைக் கடக்கும்போது அதன் படிக அமைப்பு மாறி, பருமன் சட்டென்று மாறுகிறது. சூளையை அவசரமாகத் திறந்தால் பாண்டம் விரிசல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விலங்கின் குருதி 650 டிகிரியில் உறைந்து அது உறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான், தான் ஒன்றும் செய்ய இயலாத நிலையில், அந்த 573ஐ அது கடந்தாக வேண்டும். மெல்லக் குளிர்ந்தால் பிழைக்கும், விரைந்து குளிர்ந்தால் உடல் பிளக்கும்.

இதற்கு விடை நம் மொழியிலேயே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்கிறோம் அல்லவா? கங்கின் மேல் படியும் சாம்பல் மிகச் சிறந்த வெப்பக்காப்பு. இரவு சாம்பலால் மூடி வைத்த கங்கு காலையில் கிளறினால் இன்னும் உயிரோடு இருக்கும். நீற்றுப்பூனை தீ தணிவதை உணர்ந்ததும் சாம்பலைக் காலால் வாரித் தன்மேல் போட்டுக்கொண்டு, சுருண்டு, குளிர்ச்சி மணிக்கணக்கில் மெல்ல இறங்கும்படி பார்த்துக்கொள்ளும். தன் சாவைத் தாமதப்படுத்துவதே அது பிழைக்கும் வழி. காலையில் அடுப்பைக் கூட்டுபவர் கையில் தட்டுப்படுவது சாம்பல்நிறத்தில் சுருண்ட ஒரு கல். மறுபடி தீ மூட்டினால் அது மெல்லக் கண்விழிக்கும்.

மழை அதன் உண்மையான பகைவன். சூடாக இருக்கும்போது நீர் பட்டால் பிளக்கும். உறங்கும்போது பட்டால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் உடலில் மயிரிழை விரிசல் இருந்தால்கூட நீர் கசிந்து உப்புக் குருதியைக் கரைத்துக்கொண்டு போய்விடும். கூரை ஒழுகும் வீட்டில் செத்த நீற்றுப்பூனையின் அருகே தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

படி 8: அடுத்த தலைமுறை அடுத்த தீயை எப்படி அடைகிறது?

தீ தேடிச் செல்லும் உயிருக்கு மூன்று வழிகளே உண்டு. நெடுந்தீயிலேயே தங்கிவிடலாம். தானே தீயைப் பரப்பலாம். வட ஆஸ்திரேலியாவில் சில பருந்தினங்கள் எரியும் குச்சிகளைத் தூக்கிச் சென்று புதிய இடத்தில் போட்டு இரையை விரட்டுகின்றன என்று அந்நிலத்துப் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை, 2017இல் ஓர் ஆய்வு சாட்சியங்களோடு தொகுத்தது. மூன்றாவது, தீ மூட்டும் வேறோர் உயிரோடு ஒட்டிக்கொள்ளலாம்.

நீற்றுப்பூனை மூன்றாவது வகை. அதன் முட்டை கண்ணாடி ஓடு மூடிய மிளகளவு உருண்டை. குளிர்ந்தபின் சாம்பலோடு சாம்பலாகக் கிடக்கும். சாம்பலை மனிதர்கள் வயலுக்கு எருவாக இடுகிறார்கள், பாத்திரம் துலக்கவும் எடுக்கிறார்கள். ஆகவே முட்டைகள் வயலெங்கும் பரவி, அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்தும் நாளில் ஒருசேரப் பொரிக்கும். தாள்நெருப்போ அரைநாள்கூட நிற்காது. பொரித்தவற்றில் பெரும்பாலானவை அன்றே கல்லாகிவிடும். துலக்கிய பாத்திரத்தில் விழும் நீண்ட கீறல், சாம்பலில் முட்டை இருந்ததன் அடையாளம். விலங்கின் எண்ணிக்கை பெருகாமல் கட்டுக்குள் நிற்பதற்கும் இதுவே காரணமாகிறது. இதற்காகத் தனியாக ஒரு கொடிய பகைவிலங்கைப் படைக்க வேண்டியதில்லை.

படி 9: மனிதர்களோடு சேர்த்து வையுங்கள்

இந்தப் படியில் உங்கள் உலகத்துத் தொழில்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இந்த விலங்கால் அதற்கு லாபமா நட்டமா என்று கேளுங்கள். குயவருக்கு அது தொல்லை, சூளையின் வெப்பம் ஓரிடத்தில் குறைந்து பாண்டம் பச்சையாக நின்றுவிடும். கொல்லர் உலையில் அது வாழாது. ஆகவே கொல்லர் தெருவில் நீற்றுப்பூனை உருகிச் செத்த கதைகள் மட்டுமே இருக்கும், அத்தெருவாரை மற்றவர்கள் சற்றே அச்சத்தோடு பார்ப்பார்கள். சுண்ணாம்புக் காளவாய் ஏறத்தாழ 900 டிகிரியில் நாள்கணக்கில் எரிவதால், பெரிய குடிகள் அங்கேதான் இருக்கும். கூரைவீடுகள் நெருங்கிய ஊரில் அடுப்பு வாயில் கல்பலகை வைக்காதவருக்குத் தண்டம் விதிக்கும் விதி ஒன்று கட்டாயம் இருக்கும்.

மூன்றாம் படியில் விட்டுவைத்த உப்புக்கு இப்போது வாருங்கள். அடுப்பில் கிடைக்காத ஒன்று உப்பு. அதைப் போடுகிறவரிடம் விலங்கு வரும். திருஷ்டி கழித்து நெருப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிப்பதை நாம் கேட்டிருக்கிறோம்; அந்த உலகில் அது விலங்கை அழைக்கும் ஓசை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற வாக்கு அங்கே உவமையாக இருக்காது, விலங்கு வளர்ப்போரின் நடைமுறை அறிவாகவே இருக்கும். அதேபோல அடுப்பில் பூனை உறங்குகிறது என்று நாம் சொன்னால் அந்த வீட்டில் வறுமை என்று பொருள். அங்கேயோ நாளொன்றுக்கு முந்நூறு கிராம் கரியை ஒரு விலங்குக்கு விட்டுக்கொடுக்க வசதி உள்ள வீட்டில்தான் அடுப்பில் பூனை உறங்கும். ஒரு வழக்கு தலைகீழாகும்போது, வாசகர் அந்த உலகத்துக்குள் விளக்கம் எதுவும் இல்லாமலேயே நுழைந்துவிடுகிறார்.

பெயரையும் இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும், முதலில் அன்று. மரநாய் நாய் அன்று, கடற்குதிரை குதிரை அன்று. மக்கள் தமக்குத் தெரிந்த விலங்கின் சாயலைக் கண்டே பெயரிடுகிறார்கள். சாம்பலில் சுருண்டு கிடப்பதையும் மீசையையும் கண்டவர்கள் நீற்றுப்பூனை என்றே சொல்வார்கள். அக்னி, ருத்ர, ஜ்வாலா என்று தொடங்கும் பெயர்களை அரண்மனைப் புலவர்கள் வைத்திருக்கலாம். அடுப்படியில் அவை புழங்கா.

படி 10: ஒரு காட்சியை எழுதிச் சோதியுங்கள்

கடைசியாக, உங்கள் கதைக்குத் தொடர்பில்லாத ஒரு சிறு காட்சியை இரண்டு பக்கத்துக்கு எழுதுங்கள். நான் எடுத்துக்கொண்ட காட்சி இது: ஐப்பசி அடைமழை, வீட்டில் விறகு தீர்ந்துவிட்டது, அடுப்பில் கங்கு கருக்கத் தொடங்கிவிட்டது. சாம்பல் ஈரமாக இருப்பதால் விலங்கை அதில் உறங்க விட முடியாது. எதிர்வீட்டுப் பெரியம்மாவோடு பேச்சு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் புகை தெரிகிறது. இடையில் நனைந்த முற்றம். மண்சட்டியில் கடைசிக் கங்குகளை அள்ளி, விலங்கை அதில் வைத்து, மேலே ஓட்டைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு சிறுமி வாசலில் நிற்கிறாள். சட்டிக்குள்ளிருந்து வரும் குரல் தாழ்ந்துகொண்டே போகிறது.

எழுதியபின், அந்தக் காட்சியில் உள்ள விலங்கை எடுத்துவிட்டு ஒரு சாதாரண வீட்டுப் பூனையை அங்கே வைத்துப் படியுங்கள். காட்சி அப்படியும் நடக்கிறதென்றால் உங்கள் விலங்கு இன்னும் தீயில் வாழவில்லை. முதல் படிக்குத் திரும்பிச் சென்று, வேறு ஒரு தீயைத் தேர்ந்தெடுங்கள். காட்சி நடக்கவில்லை என்றால், சிறுமி முற்றத்தில் கால் வைக்கும் இடத்திலிருந்து கதையைத் தொடரலாம்.